இரண்டு கறுப்பு லாப்ரடார்களுக்கு மஞ்சள் குட்டி: ஒரு நிற ஆய்வு

நிகழ்வு

1899. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மேஜர் சி. ஜே. ராட்கிளிஃப் என்பவரின் நாய்ப் பண்ணையில் ஒரு லாப்ரடார் ஈன்றது. தாய் கறுப்பு, தந்தையும் கறுப்பு. ஆனால் அந்த ஈற்றில் இரண்டு குட்டிகள் மஞ்சளாகப் பிறந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பென் என்று பெயர் வைத்தார்கள். ‘பென் ஆஃப் ஹைட்’ என்று இன்றும் நாய் வளர்ப்போர் சொல்லும் பெயர் அதுதான். பதிவேட்டில் ஏறிய முதல் மஞ்சள் லாப்ரடார் அது. இன்றைய மஞ்சள் லாப்ரடார்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் அதனிடம்தான் போய் நிற்கும்.

அந்தக் காலத்தில் லாப்ரடார் என்றாலே கறுப்பு. நிறம் மாறிப் பிறந்த குட்டியை வளர்க்காமல் விட்டுவிடுவதுதான் பல பண்ணைகளில் வழக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1892-ல், பக்ளூ பிரபுவின் பண்ணையில் ஈரல் நிறத்தில் இரண்டு குட்டிகள் பிறந்ததாகக் குறிப்பு இருக்கிறது. இன்று சாக்லேட் என்று நாம் சொல்லும் நிறம் அது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது 1903-ல்தான். ஆக, இனத்துக்கு அதிகாரபூர்வமான பெயர் கிடைப்பதற்கு முன்பே மூன்று நிறங்களும் அதற்குள் இருந்திருக்கின்றன.

இரண்டு கறுப்புக்கு மஞ்சள் எப்படிப் பிறக்கும்? வேறு நாய் கலந்துவிட்டது என்று சந்தேகப்படுவதுதான் அன்றைக்கு எளிது. மரபுப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று காட்டிய மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1900-ல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பென் பிறந்தது அதற்கு ஓராண்டு முன்பு. விடை சொல்ல அன்று ஆளில்லை.

மயிரில் ஒரு சுவிட்ச்

நாயின் மயிருக்கு நிறம் தருபவை இரண்டு நிறமிகள். ஒன்று யூமெலனின்: கறுப்பு அல்லது பழுப்பு. இன்னொன்று ஃபியோமெலனின்: வெளிர் மஞ்சளில் தொடங்கிச் செம்மை வரை போகும். மயிர்க்காலில் இருக்கும் நிறமிச் செல் இந்த இரண்டில் எதைத் தயாரிப்பது என்பதை எம்.சி.1.ஆர் என்ற மரபணு முடிவு செய்கிறது. இது செல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஏற்பிப் புரதத்துக்கான மரபணு. ஏற்பி வேலை செய்தால் யூமெலனின் வரும். வேலை செய்யாவிட்டால் ஃபியோமெலனின் மட்டும்தான்.

இந்த மரபணுவுக்கு ஆய்வகங்கள் வைத்திருக்கும் ஆங்கில எழுத்து ‘ஈ’ (E). தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு நாயிடமும் இதன் இரண்டு பிரதிகள் இருக்கும். பெரிய ஈ (E) நல்ல பிரதி, சின்ன ஈ (e) பழுதானது. பழுது மிகச் சிறியது. 317 அமினோ அமிலங்கள் நீளமுள்ள புரதம், மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியதால், 306-வது இடத்தில் ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்து அறுந்துவிடுகிறது. வால்பகுதி இல்லாத ஏற்பிக்கு வேலை ஓடாது. ஆனால் ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதும், மயிர் கறுத்துவிடும். ஆகவே ஒரு பெரிய ஈ, ஒரு சின்ன ஈ கொண்ட நாய் பார்வைக்கு முழுக் கறுப்பு. உள்ளே மஞ்சளைச் சுமந்துகொண்டிருப்பதற்கு வெளியில் எந்த அடையாளமும் கிடையாது.

பென்னின் பெற்றோர் இரண்டும் அப்படிச் சுமந்தவை. குட்டிக்குக் குட்டி நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு சின்ன ஈ சேரும், மஞ்சள் பிறக்கும். கலப்பு எதுவும் தேவையில்லை. பென்னைக் கறுப்புப் பெண் நாயோடு சேர்த்து மஞ்சள் குட்டி கிடைத்தால், அந்தப் பெண் நாயும் சுமப்பவள் என்று அதே கணத்தில் தெரிந்துவிடும். அப்படித்தான் கறுப்பு வம்சங்களுக்குள் ஒளிந்திருந்த நிறம் தலைமுறை தலைமுறையாக வெளியே வந்தது.

கறுப்பைக் கறுப்பாகவே வைத்திருப்பதில் இன்னொரு மரபணுவுக்கும் பங்கு உண்டு. ‘கே’ என்று குறிக்கப்படும் அதன் ஆதிக்க வடிவம் லாப்ரடார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. அது இருக்கும்வரை டாபர்மேனில் தெரிவதுபோன்ற பழுப்புப் புள்ளிகளோ புலிக்கோடுகளோ தலைகாட்ட முடியாது. எப்போதாவது அந்த வடிவம் இல்லாத குட்டி பிறந்தால், கண்ணுக்கு மேலும் கால்களிலும் பழுப்புத் திட்டோடு ஒரு லாப்ரடார் வந்து நிற்கும். அரிது, ஆனால் உண்டு.

மூக்கில் இரண்டாவது விடை

நாய் வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மஞ்சள் நாயின் மயிர் நிறம் ஒரு மரபணுவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இரண்டாவது மரபணுவைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மூக்கைப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது மரபணு டி.ஒய்.ஆர்.பி.1. எழுத்து ‘பி’ (B). யூமெலனின் கறுப்பாக வருமா, பழுப்பாக வருமா என்பது இதன் கையில். ஒரு பெரிய பி இருந்தால் கறுப்பு. இரண்டும் சின்ன பி ஆனால் உடலில் எங்கெல்லாம் கறுப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் பழுப்பு வரும். சாக்லேட் லாப்ரடார் அப்படிப்பட்டது.

மஞ்சள் நாயின் மயிரில் யூமெலனினே இல்லை. எனவே கறுப்பா பழுப்பா என்ற கேள்விக்கு அதன் மயிரில் பதில் கிடைக்காது. ஆனால் மூக்கு, கண் விளிம்பு, உதடு, பாதத் திண்டு ஆகிய தோல் பகுதிகள் எம்.சி.1.ஆர் பழுதானாலும் யூமெலனினைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். மஞ்சள் நாயின் மூக்கு கறுப்பாக இருந்தால் அதனிடம் குறைந்தது ஒரு பெரிய பி இருக்கிறது. மூக்கும் கண் விளிம்பும் ஈரல் நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது இரண்டு சின்ன பி கொண்டது. மயிர் மட்டும் மஞ்சளான சாக்லேட் நாய் என்றே அதைச் சொல்லலாம். வளர்ப்போர் வட்டாரத்தில் இதற்கு ‘டட்லி’ என்று பெயர். நோய் கிடையாது, நாய்க்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிப்படி, முழுக்க இளஞ்சிவப்பான அல்லது நிறமியே இல்லாத மூக்கும், நிறமி இல்லாத கண் விளிம்பும் நாய்க் காட்சியில் தகுதி நீக்கத்துக்குக் காரணமாகும்.

அதே நேரம், மூக்கைப் பார்ப்பதிலும் இரண்டு இடத்தில் ஏமாறலாம்.

முதலாவது, பிறந்த குட்டி. மஞ்சள் குட்டி எல்லாமே இளஞ்சிவப்பு மூக்கோடுதான் பிறக்கும். சில நாள்களில் மூக்கின் ஓரத்தில் மிளகுத் தூள் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றி, வாரக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கறுக்கும். முதல் வாரத்தில் ‘டட்லி’ என்று முத்திரை குத்துவது அவசரம். சாக்லேட் குட்டியின் மூக்கு தொடக்கத்திலிருந்தே பழுப்புச் சாயலில்தான் இருக்கும். கண்ணைப் பார்த்தும் அவசரப்படக் கூடாது. எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலம்தான். வாரங்கள் போகப் போகத்தான் கறுப்பு, மஞ்சள் நாய்களுக்குப் பழுப்பாகவும், சாக்லேட்டுக்குப் பழுப்பு அல்லது தேன் நிறமாகவும் நிலைக்கும்.

இரண்டாவது, வளர்ந்த மஞ்சள் நாயின் வெளுத்த மூக்கு. கறுப்பு மூக்கோடு வளர்ந்த நாய்க்கே குளிர்காலத்திலோ வயதாகும்போதோ மூக்கின் நடுப்பகுதி வெளிறிப் பழுப்பாகும். குளிர் முடிந்ததும் சிலவற்றுக்கு மறுபடி கறுக்கும், சிலவற்றுக்கு அப்படியே நின்றுவிடும். இதை டட்லி என்று நினைத்துவிடக் கூடாது. பகல் வெளிச்சத்தில் கீழ் இமையின் விளிம்பையும் உதட்டின் ஓரத்தையும் பாருங்கள். வெளிறிய மூக்குள்ள நாய்க்கு அவை இரண்டும் மை தீட்டியதுபோல் கறுப்பாகவே இருக்கும். மூக்குத் துளையின் ஓரத்திலும் கறுப்பு மிச்சமிருக்கும். டட்லிக்கு எங்கு தேடினாலும் ஒரு புள்ளி கறுப்பு கிடைக்காது. குழல் விளக்கின் கீழே இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது, வெளியே கொண்டுவந்து பார்ப்பதே நல்லது.

ஈற்றின் கணக்கு

இரண்டு மரபணுவையும் சேர்த்தால் கணக்கு சூடு பிடிக்கும். தாயும் தந்தையும் கறுப்பு, இரண்டுமே மஞ்சளையும் சாக்லேட்டையும் சுமக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 16 பங்கில் 9 கறுப்பு, 3 சாக்லேட், 3 கறுப்பு மூக்கு மஞ்சள், 1 ஈரல் மூக்கு மஞ்சள். எட்டுக் குட்டி பிறந்தால் அதில் ஒரு டட்லியாவது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. கறுப்பு ஜோடிக்கு ஈரல் மூக்கு மஞ்சள் பிறந்ததும் பண்ணைக்காரர் மேல் பாய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

‘எங்கள் ஜோடிக்கு எட்டும் கறுப்புதான், மஞ்சள் ரத்தமே கிடையாது’ என்ற பேச்சும் நிற்காது. இரண்டும் மஞ்சளைச் சுமந்தாலும்கூட, எட்டுக் குட்டியும் மஞ்சள் இல்லாமல் பிறக்க 10 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஒரு கறுப்பு நாய் சுமக்கிறதா என்று ஈற்றை வைத்தே கண்டுபிடிக்க வேண்டுமானால், அதை மஞ்சள் நாயோடு சேர்க்க வேண்டும். சுமந்தால் சராசரியாகப் பாதிக் குட்டி மஞ்சளாக வரும். ஏழு குட்டி பிறந்து ஏழும் கறுப்பென்றால், சுமக்கும் நாய்க்கு அப்படி நேர வாய்ப்பு 128-ல் ஒன்று. ஒரே ஒரு மஞ்சள் குட்டி வந்தால் அதோடு கேள்வி முடிந்தது.

சாக்லேட்டையும் மஞ்சளையும் சேர்த்தால் என்ன வரும் என்பது பலரைத் திகைக்க வைக்கும். சாக்லேட்டைச் சுமக்காத மஞ்சளும், மஞ்சளைச் சுமக்காத சாக்லேட்டும் சேர்ந்தால் எல்லாக் குட்டியும் கறுப்பு! ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடுகிறது. இரண்டும் மற்றதைச் சுமந்தால் கறுப்பு, சாக்லேட், கறுப்பு மூக்கு மஞ்சள், ஈரல் மூக்கு மஞ்சள் நான்கும் கால் பங்காகக் கிடைக்கும். காட்சிக்கு நாய் வளர்ப்பவர்கள் இந்த ஜோடியைத் தவிர்ப்பதற்குக் காரணம் அந்தக் கடைசிக் கால் பங்கு.

மாறாக, நடக்கவே முடியாத ஈற்றுகளும் உண்டு. மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் கறுப்போ சாக்லேட்டோ பிறக்காது. சாக்லேட்டுக்கும் சாக்லேட்டுக்கும் கறுப்பு பிறக்காது. அப்படி ஒரு குட்டி கூடையில் கிடந்தால் தந்தை வேறு என்று பொருள். பெண் நாய் ஒரே பருவத்தில் இரண்டு ஆணோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தந்தையின் குட்டிகள் பிறக்கலாம். ஆகவே ஒரு குட்டியில் ஐயம் வந்தால், ஈற்றில் உள்ள எல்லாக் குட்டிக்கும் பெற்றோரை உறுதிசெய்யும் டி.என்.ஏ. சோதனை செய்வதுதான் முறை.

சோதனைக்கு எடுக்கும்போது

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தாலே நிறச் சோதனைக்குப் போதும். தவறு நடப்பது எடுக்கும் இடத்தில்தான். பால் குடித்து முடித்த குட்டியின் வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும். அப்போது எடுத்தால் முடிவில் தாயின் மரபணுவும் கலந்துவிடும். குட்டியைத் தாயிடமிருந்து ஒரு மணி நேரமாவது பிரித்து வைத்துவிட்டு எடுக்க வேண்டும், பால் மறந்த பிறகு எடுப்பது இன்னும் நல்லது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே குச்சியை அழுத்திச் சுழற்ற வேண்டும். எச்சிலில் நனைத்தால் மட்டும் செல் வராது. ஈரம் உலர்ந்தபின் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூசணம் பிடிக்கும். ஒரு குட்டியை முடித்து, உறையில் பெயர் எழுதி, கை கழுவிய பிறகே அடுத்த குட்டியைத் தூக்க வேண்டும்.

முடிவைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. சின்ன பி என்பது ஒரே பழுது இல்லை. நாய்களில் பரவலாகக் காணப்படும் மூன்று வெவ்வேறு பழுதுகளுக்கும் அதே எழுத்துதான். அவற்றில் எந்த இரண்டு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்து சேர்ந்தாலும் நாய் பழுப்பாகும். ஒன்றை மட்டும் தேடும் சோதனை, கண்ணெதிரே நிற்கும் சாக்லேட் நாயைக்கூட ‘சுமப்பது’ என்று சொல்லிவிடும். மூன்றையும் பார்க்கிறார்களா என்று ஆய்வகத்திடம் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

மஞ்சளுக்குள் மஞ்சள்

பென்னின் காலத்து மஞ்சள் இன்று நாம் பார்க்கும் வெளிர் நிறத்தைவிட அடர்த்தியானது. பிற்பாடு வெளிர் நிறத்தை விரும்பித் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் க்ரீம் பெருகியது. கென்னல் கிளப்புகளின் இன்றைய தர வரையறையில் மஞ்சள் என்ற ஒரே சொல், வெளிர் க்ரீமிலிருந்து செந்நரியின் நிறம் வரை எல்லாவற்றையும் அடக்கும். ‘ஃபாக்ஸ் ரெட்’ தனி நிறம் கிடையாது, அதற்குக் கூடுதல் விலை கொடுக்க அரிய மரபணு ஒன்றும் அதில் இல்லை. அதுவும் இரண்டு சின்ன ஈ கொண்ட நாய்தான். செம்மையின் அடர்த்தியைக் கூட்டிக் குறைப்பவை வேறு சில மரபணுக்கள்.

சென்னையிலோ கோவையிலோ குட்டி பார்க்கப் போனால் ‘ஒயிட் லேப்’, ‘ஃபான் லேப்’, ‘கோல்டன் லேப்’ என்று மூன்று பெயர் காதில் விழும். மூன்றும் மஞ்சள்தான். சான்றிதழில் ‘மஞ்சள்’ என்றே இருக்க வேண்டும். கோல்டன் என்ற சொல்லால் கோல்டன் ரெட்ரீவரோடு குழப்பிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நீள மயிருள்ள வேறு இனம். மஞ்சள் குட்டி வளர்ந்தபின் எவ்வளவு அடர்ந்த நிறத்துக்கு வரும் என்று தெரிய வேண்டுமானால் உடம்பைப் பார்க்காமல் காதைப் பாருங்கள். குட்டியின் காதில் உள்ள நிறத்தை ஒட்டித்தான் முதிர்ந்த நாயின் நிறம் பெரும்பாலும் அமையும்.

வெள்ளி நிறச் சர்ச்சை

மூன்றாவது மரபணு ஒன்று இந்த இனத்தில் பெரிய சண்டையைக் கிளப்பியிருக்கிறது. எம்.எல்.பி.எச், எழுத்து ‘டி’ (D). இரண்டு சின்ன டி சேர்ந்தால் நிறமித் துகள்கள் மயிரில் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் தங்கும், நிறம் சாயம் போனதுபோல் தெரியும். கறுப்பு நாய் கரிச்சாம்பலாகும், சாக்லேட் ‘சில்வர்’ ஆகும், மஞ்சள் ‘ஷாம்பெய்ன்’ ஆகும்.

அமெரிக்காவில் இவை பரவியபோது, வைமரனர் இன நாயைக் கலந்துதான் இந்த நிறம் வந்தது என்று குற்றச்சாட்டு எழுந்தது. வைமரனர் இனமே முழுக்க இரண்டு சின்ன டி கொண்டது என்பதால் சந்தேகம் அங்கே போனது இயல்பு. 1987-ல் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் லாப்ரடார் இனக் கிளப்பும் விசாரித்து, பெற்றோர் லாப்ரடார்கள் அல்ல என்று சந்தேகிக்கக் காரணமில்லை என்றார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் சில்வரைச் சாக்லேட்டாகவே பதிவு செய்கிறது. லாப்ரடார் இனக் கிளப்போ சில்வரை இனத்தின் நிறமாக ஏற்பதில்லை.

வாங்குபவருக்கு இந்தச் சண்டையைவிட முக்கியமானது தோல். இரண்டு சின்ன டி உள்ள நாய்களில் சிலவற்றுக்கு நிறம் வெளிறிய மயிர் உடைந்து, முதுகில் தொடங்கி முடி கொட்டும். பிறந்த உடனே தெரியாது. ஆறு மாதத்துக்கு மேல், சில நாய்களுக்கு மூன்று வயதுக்குள், மெல்ல வெளிப்படும். கொட்டிய முடியை மீட்கும் மருந்து இல்லை, தோலில் தொற்று வராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எட்டு வாரக் குட்டி பளபளவென்று இருக்கிறது என்பதால் சில்வருக்கு இரட்டை விலை கொடுப்பது சரியான முடிவு ஆகாது.

வெள்ளைப் புள்ளி

கறுப்புக் குட்டியின் மார்பில் விரல் நுனி அளவு வெள்ளை இருந்தால் ‘கிராஸ்’ என்று விலை குறைக்கச் சொல்வார்கள். தேவையில்லை. லாப்ரடாரின் மூதாதையான நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் ‘செயிண்ட் ஜான்ஸ் வாட்டர் டாக்’ என்ற நாய் இனத்துக்கு மார்பிலும் பாதத்திலும் வெள்ளை இருந்தது, அதன் மிச்சம் இது. தர வரையறையே மார்பின் சிறு வெள்ளையை அனுமதிக்கிறது. முன்பாதத்தின் பின்புறம், பெரிய திண்டுக்கு மேலே சில வெள்ளை மயிர்கள் இருந்தால் அதற்குப் ‘போலோ புள்ளி’ என்று பெயரே உண்டு. 1915-ல் பிறந்த பாஞ்சரி போலோ என்ற நாய் காட்சியிலும் வேட்டைப் போட்டியிலும் சாம்பியனான முதல் லாப்ரடார். அதன் வம்சத்தில் இந்தப் புள்ளி தொடர்ந்து வந்ததால் வந்த பெயர்.

நிறத்தைத் தாண்டி உடம்பு

லாப்ரடாரை லாப்ரடாராகக் காட்டுவது மூன்று: மயிர், வால், தலை. மயிர் குட்டையாக, விறைப்பாக, அலையில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு அடியில் பஞ்சுபோல் உள்மயிர் அடர்ந்திருக்க வேண்டும். முதுகு மயிரை எதிர்த்திசையில் தள்ளிப் பார்த்தால் அடியில் வெளிறிய மென்மயிர் தெரியும். நீரில் இறங்கினாலும் உடம்பு நனையாமல் காப்பது அதுதான். வெயிலுக்கு நல்லது என்று மொட்டையடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெயில் நேரே தோலில் படுவதைத் தடுப்பதும் இதே மயிர்தான். வால் அடியில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து, குஞ்சம் இல்லாமல் சுற்றிலும் மயிர் மூடியிருக்கும். நீர்நாயின் வால் போன்றது என்பார்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு.

உயரத்தைத் தோள்பட்டையின் உச்சியில் அளக்க வேண்டும், தலையில் அளக்கக் கூடாது. பிரிட்டிஷ் வரையறைப்படி ஆண் 56 முதல் 57 செ.மீ., பெண் 55 முதல் 56. அமெரிக்க வரையறை இன்னும் தாராளம்: ஆண் 22.5 முதல் 24.5 அங்குலம், பெண் 21.5 முதல் 23.5. எடை ஆணுக்கு ஏறக்குறைய 29 முதல் 36 கிலோ, பெண்ணுக்கு 25 முதல் 32.

எடையைப் பற்றி உரிமையாளர் மேல் மட்டும் பழி போடக் கூடாது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பி.ஓ.எம்.சி என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதை லாப்ரடார்களில் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரிடம் இது இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக 2 கிலோ கூடுகிறது. அந்த நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே பசி அதிகம், ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலும் குறைவு. கெஞ்சும் கண்ணைப் பார்த்துச் சோறு போடாமல், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்துப் போடுங்கள்.

சாக்லேட் நாய்களின் ஆயுள்

2018-ல் வெளியான ஆய்வு ஒன்று பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 33,320 லாப்ரடார்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 2,074 நாய்களின் குறிப்புகளை விரிவாகப் படித்தார்கள். சாக்லேட் நாய்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டுகள், மற்ற நிறங்களுக்கு 12.1. வெளிக்காதுத் தொற்று கறுப்பில் 12.8, மஞ்சளில் 17, சாக்லேட்டில் 23.4 விழுக்காடு. ஈரப் புண்ணாக வெடிக்கும் தோல் அழற்சி கறுப்பில் 1.1, மஞ்சளில் 1.6, சாக்லேட்டில் 4 விழுக்காடு.

பழுப்பு நிறமி நாயைக் கொல்வதாக இதைப் படிக்கக் கூடாது. சாக்லேட் குட்டி பிறக்க வேண்டுமென்றால் தாயும் தந்தையும் அந்த மரபணுவைச் சுமக்க வேண்டும். அதற்காகவே தேர்ந்தெடுத்துச் சேர்க்கும்போது ஜோடிகளின் வட்டம் சுருங்குகிறது, காது, தோல் பலவீனம் கொண்ட வம்சங்களும் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கமும் இதுவே. கறுப்பு நாய்களிடம் இந்த நெருக்கடி அவ்வளவு இல்லை, கறுப்பு பல விதமான ஜோடிகளில் கிடைக்கிறது.

ஆகவே சாக்லேட் குட்டி எடுப்பவர், நிறச் சோதனைத் தாளோடு பெற்றோரின் காதைப் பற்றியும் கேட்டுப் பார்க்க வேண்டும்: தாய்க்கோ தந்தைக்கோ ஆண்டுக்கு எத்தனை முறை காதில் சீழ் வந்தது, தாத்தா பாட்டி எத்தனை வயது வரை இருந்தன என்று. தாய் நாயின் காதை மடித்து முகர்ந்து பாருங்கள். ஊறிய மாவு போல் புளித்த வாடை அடித்தால் குட்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் தாய் நாயைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.